வரைபட வீட்டுப்பாடம்: வாட்ஸ்அப் குழுவா, மீட் அழைப்பா, முகமறியாதவரின் பதிலா?

தமிழ்நாடு அரசுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ‘உறவுகளும் சார்புகளும்’ என்ற பாடத்தோடு தொடங்குகிறது. எக்ஸுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒய்க்கு ஒரே ஒரு மதிப்பைத் தரும் விதிதான் சார்பு. மூன்றாம் பாடமான இயற்கணிதத்தில், எக்ஸின் வர்க்கம் வரும் இருபடிச் சார்பின் வரைபடம் வந்துவிடுகிறது. பொதுத்தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண் என்பதால் பள்ளியிலும் டியூஷனிலும் இதற்கான வீட்டுப்பாடம் குவிகிறது. பெரம்பூரிலோ வேளச்சேரியிலோ டியூஷன் முடிந்து வீடு திரும்பும் பிள்ளை, இரவு எட்டு மணிக்கு மேல் நோட்டை எடுத்துக்கொண்டு தோழியின் வீட்டுக்குப் போவது நடவாத காரியம். எனவே சேர்ந்து படிப்பது கைபேசிக்குள் வந்துவிட்டது. அங்கே மாணவர்கள் நாடும் வழிகள் மூன்று: வகுப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழு, திரையைப் பகிர்ந்தபடி பேசும் கூகுள் மீட் அழைப்பு, முகமறியாதவர்கள் பதில் எழுதும் கேள்வி-பதில் தளம்.

மூன்றையும் நான் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன். அடுத்தவரின் விடையைப் பார்க்கும் முன், தன் அடியைத் தானே எழுதவோ சொல்லவோ வேண்டிய கட்டாயம் மாணவருக்கு அந்த வழியில் இருக்கிறதா? அது இல்லாத இடத்தில் எத்தனை பேர் கூடினாலும் வீட்டுப்பாடம் முடியுமே தவிர, சார்பு என்றால் என்ன என்பது விளங்காது.

அளந்து பார்க்க ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ் − 3 என்பதன் வரைபடத்தை வரைந்து, அதன் உதவியால் எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். எக்ஸுக்கு −3 முதல் 4 வரை மதிப்புகளைக் கொடுத்தால் ஒய்யின் மதிப்புகள் 12, 5, 0, −3, −4, −3, 0, 5 என்று வரும். முதல் கோவையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஒய் = −எக்ஸ் + 3 என்ற நேர்க்கோடு கிடைக்கும். அந்தக் கோடு, இருபடிச் சார்பின் வளைவரையான பரவளையத்தை (−2, 5), (3, 0) ஆகிய இரு புள்ளிகளில் வெட்டுகிறது. ஆகவே தீர்வு −2, 3.

வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கணக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஒருவர் முடித்துப் படமெடுத்துப் போட்ட மறு நிமிடமே மற்றவர்களுக்குக் கணக்கு முடிந்துவிடுகிறது. புள்ளிகளைத் தாளில் அப்படியே குறித்து இணைத்துவிடுவார்கள்; ஏன் கழித்தோம் என்ற கேள்வி யாருக்கும் எழாது. என் அளவுகோலில் இந்த வழி தேறவில்லை.

ஆனால் முடிந்த படத்துக்குப் பதிலாகத் தவறிய படம் குழுவுக்கு வரும்போது நிலைமை வேறு. எதிர்மறை எண்ணை வர்க்கப்படுத்தும்போது குறியைத் தவறவிட்டு −2-இன் வர்க்கத்தை −4 என்று எழுதும் மாணவிக்கு, 5 வர வேண்டிய இடத்தில் −3 வரும். −3-க்கும் −1-க்கும் அதே பிழையைச் செய்தால் முறையே −6-உம் −2-உம் வரும். அட்டவணையில் இந்த எண்கள் உறுத்துவதில்லை. வரைபடத்திலோ மேலே ஏற வேண்டிய இடப்பக்கக் கை கீழே தொங்கும். “ஏன்டி, உன் கோடு லெஃப்ட்ல கீழ போகுது?” என்று தோழி கேட்கும் அந்த ஒரு வரியில், பரவளையம் தன் சமச்சீர் அச்சான எக்ஸ் = 1 என்ற கோட்டின் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும் என்ற பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பிழையை எண்ணில் தேடாமல் வடிவத்தில் கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கம் தேர்வறையில் மிகவும் கைகொடுக்கும்.

தாளும் பென்சிலுமாக வரையும் வேலைக்கு இந்தக் குழு ஏற்றது என்பதற்கு இன்னொரு காரணம் அளவுத்திட்டம். மேற்கண்ட சார்பில் ஒய் −4 முதல் 12 வரை போவதால் ஒருவர் ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 அலகுகள் என்று எடுப்பார், இன்னொருவர் 1 செ.மீ. = 1 அலகு என்று எடுப்பார். ஒரே சார்பு ஒரு தாளில் தட்டையாகவும் மற்றதில் ஒடுங்கியும் தெரிவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். ஒரு நடைமுறைச் செய்தி: சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுவதால் மில்லிமீட்டர்க் கோடுகள் மங்கிப்போகும், டாக்குமென்டாக அனுப்பினால் தெளிவாக இருக்கும்.

மீட் அழைப்பின் பலம் வேறு வகையானது. ஒருவர் திரையில் வரைபடம் வரையும் செயலிகளான டெஸ்மோஸையோ ஜியோஜீப்ராவையோ திறந்து வைத்தால், சார்பை மாற்றிய கணமே வளைவரையும் மாறுவதை எல்லோரும் பார்க்கலாம். இரண்டையும் இலவசமாகப் பயன்படுத்த முடியும். எக்ஸ்² என்ற சார்பில் எக்ஸுக்குப் பதில் எக்ஸ் − 2 என்று போட்டால் வளைவரை எந்தப் பக்கம் நகரும்? கழித்தல் குறியைப் பார்த்ததும் பெரும்பாலான பிள்ளைகள் இடப்பக்கம் என்பார்கள். அது வலப்பக்கம் 2 அலகு நகர்வதைக் கண்ட பிறகு, “முன்பு எக்ஸ் = 0 ஆனபோது கிடைத்த மதிப்பு இப்போது எக்ஸ் = 2 ஆகும்போதுதான் கிடைக்கிறது” என்ற விளக்கத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். திரையை மாற்றும் முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தைச் சொல்ல வேண்டும் என்ற ஒரே விதியை வைத்தால் போதும், என் அளவுகோலில் இந்த வழி முதலிடம் பெற்றுவிடும்.

நமது கணக்கில் கழித்தலின் காரணமும் இங்கேதான் துலங்குகிறது. இரண்டாவது கோவை எங்கே பூச்சியம் ஆகிறதோ அங்கே பரவளையமும் நேர்க்கோடும் ஒரே உயரத்தில் இருக்கும், ஏனெனில் அவற்றின் வித்தியாசமே அந்தக் கோவைதான். இதை ஒரு தோழி தன் குரலில் சொல்லி, இன்னொருத்தி “அப்போ −6-க்குப் பதிலா −2 இருந்தா?” என்று கேட்டு, கோடு ஒய் = −எக்ஸ் − 1 என்று கீழிறங்கி 2-இலும் −1-இலும் வெட்டுவதைத் திரையில் பார்த்துவிட்டால், அதன் பிறகு அந்த வகைக் கணக்கை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. பகிர்ந்த திரை கைபேசியில் சிறிதாகத் தெரியும். அதை இயக்குபவர் கற்க, மற்றவர் வேடிக்கை பார்க்கும் நிலை எளிதில் வந்துவிடும். ஆகவே மூவருக்கு மேல் சேராமல், கணக்குக்குக் கணக்கு திரையை மாற்றிக்கொள்வது நல்லது. அளவைச் செயலியே பார்த்துக்கொள்வதால், இதையே நம்பியிருக்கும் பிள்ளைக்குத் தேர்வில் வெறும் வரைபடத்தாள் முன்னால் கை ஓடாது.

மூன்றாவது வழி பத்தாம் வகுப்பு வீட்டுப்பாடத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 2010-இல் தொடங்கிய மேத்தமேட்டிக்ஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் போன்ற தளத்தில் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். தான் முயன்றது எதையும் காட்டாமல் வீட்டுப்பாடக் கேள்வியை மட்டும் போட்டால் அதை மூடிவிடுவார்கள். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தமானது, கட்டாயம் என்று நான் சொன்னது அங்கே விதியாகவே இருக்கிறது. ஆனால் ஒன்பது மணிக்குக் கேட்ட கேள்விக்குப் பத்து மணிக்குள் பதில் வரும் என்பதற்கு உறுதி இல்லை. பிளஸ் ஒன் போனபின் எழும் ஐயங்களுக்கு இது உகந்தது. ஓர் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து, அதை மீண்டும் வர்க்கப்படுத்தினால் அதே எண் வருகிறது; அப்படியானால் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் சார்புச் சேர்ப்பு, கொடுத்த எண்ணையே திருப்பித் தரும் சமனிச் சார்புதானா? மெய்யெண்களில் எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லாததால் சேர்ப்பின் மதிப்பகம், அதாவது அதற்குள் கொடுக்கக்கூடிய எண்களின் தொகுப்பு, குறுகிவிடுகிறது, எனவே இரண்டும் ஒரே சார்பு அல்ல என்ற பதிலை நிதானமாக எழுதித் தர நண்பர் குழுவில் ஆள் கிடைப்பது அரிது.

அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும்போது பாடத்திட்ட வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். சிபிஎஸ்இ மாணவர்களுக்கு உறவுகளும் சார்புகளும் தனிப் பாடமாகப் பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது. பத்தாம் வகுப்பில் பல்லுறுப்புக் கோவையின் வரைபடம் எக்ஸ் அச்சை வெட்டும் இடங்களை அவர்கள் படித்திருப்பார்கள். ஆகவே மேலே கண்ட கணக்கில் −1, 3 என்ற வெட்டுப்புள்ளிகள் வரை இரு தரப்பும் சேர்ந்து போகலாம். நேர்க்கோட்டைக் கழித்து எடுக்கும் இடத்தில் அரசுப் பாடத்திட்ட மாணவர் விளக்குபவராக மாற வேண்டியிருக்கும்.

அப்பாவோ அம்மாவோ வேலையிலிருந்து வந்தபின் அரை மணி நேரம்தான் கைபேசி கிடைக்கும் என்ற வீடுகள் சென்னையில் ஏராளம். அந்த நேரத்தை மீட் அழைப்புக்கே கொடுக்கச் சொல்வேன். அட்டவணையும் வளைவரையும் அதற்கு முன்பே தாளில் முடிந்திருக்கட்டும். அழைப்பில் நேர்க்கோட்டை மட்டும் பேசினால் போதும். தாளின் படத்தை மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் குழுவில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.