ஆறு வருடமாக என் வண்டியில் கிடக்கும் கேன்வாஸ் படுதா

திருமங்கலத்தில் இருக்கும் என் மச்சினன் புதிதாகக் குட்டியானை எடுத்திருக்கிறான். வண்டி வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே போன் பண்ணிவிட்டான். "மச்சான், படுதா எது வாங்கட்டும், கேன்வாஸா, நீலப் பிளாஸ்டிக்கா?" அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் என் படுதாவுக்கு வளையம் மாற்றித் தைத்து 900 ரூபாய் கூலி கொடுத்திருந்தேன், திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது, நனைந்த படுதா மூட்டையைத் தோளில் போட்டு இரண்டு மாடி ஏற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நாளைக்குச் சொல்றேன் மாப்ளை" என்று வைத்துவிட்டேன். அந்த நாளை இன்றைக்குத்தான் வந்தது.

என்னுடையது 15-க்கு 12 அடி, மெழுகுப் பதம் ஏற்றிய பருத்திக் கேன்வாஸ், பச்சை. 2019 ஆனியில் 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். அதே அளவு பிளாஸ்டிக் அப்போது 800-க்குக் கிடைத்தது. நான் ஏற்றுவது பெரும்பாலும் சின்ன வெங்காயம். ஒட்டன்சத்திரத்தில் சாயங்காலம் ஏற்றினால் ராத்திரிக்குள் மதுரை கீழமாரட் வீதி மண்டிக்கு வந்துவிடும். மற்றவை எல்லாம் நடுநடுவே.

நான் ஏன் கேன்வாஸுக்குப் போனேன் என்றால் ஒரே ஒரு நாள் காரணம். அப்போது என்னிடமும் பிளாஸ்டிக்தான் இருந்தது. ஒரே தோட்டத்துச் சரக்கை நானும் இன்னொரு வண்டிக்காரரும் ஏற்றி வந்தோம், அவருடையது பழைய கேன்வாஸ். வழியில் மழை, இரண்டு வண்டியிலும் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. ஆனால் மண்டியில் என் பிளாஸ்டிக்கைத் தூக்கியபோது அதன் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்றது. வெங்காயம் மூச்சு விட்ட ஈரம் போக வழியில்லாமல் தாளில் பட்டுக் குளிர்ந்து மறுபடி மூட்டை மேலேயே சொட்டியிருக்கிறது. மேல் வரிசை மூட்டைகளைத் தொட்டாலே பிசுபிசுப்பு. கமிஷன் கடைக்காரர் உள்ளே கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, விலையைக் குறைத்து எழுதிவிட்டார். பக்கத்து வண்டிச் சரக்கு அப்படியே சருகு உரசும் சத்தத்தோடு இறங்கியது. அடுத்த வாரமே கேன்வாஸ் வாங்கினேன். இந்த ஆறு வருடத்தில் வேர்த்துப்போச்சு என்று என் சரக்குக்கு ஒருநாளும் விலை குறையவில்லை. இதைச் சொல்லாமல் கேன்வாஸைத் திட்டினால் அது நியாயம் இல்லை.

காற்றை விடுகிற துணி மழையை எப்படித் தடுக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். எனக்கு இது அப்பாவின் தண்ணீர்ப் பையில் புரிந்தது. அப்பா லாரி ஓட்டிய காலத்தில் முன்னால் பம்பரில் ஒரு கேன்வாஸ் தண்ணீர்ப் பை தொங்கும். புதுப் பையில் தண்ணீர் ஊற்றினால் முதலில் ஒழுகும், கொஞ்ச நேரத்தில் நூல் ஊறிப் பருத்து இழைக்கு நடுவில் இருக்கும் சந்தை அடைத்துக்கொள்ளும், அப்புறம் லேசாகக் கசிவது மட்டும்தான். அந்தக் கசிவு வெளியே காய்ந்துகொண்டே இருப்பதால் சித்திரை வெயிலிலும் உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கும். படுதாவிலும் இதேதான், கூடவே மெழுகு. ஆனால் ஒன்று, நனைந்து நிற்கும்போது உள்பக்கம் எதுவும் அழுத்தி உரசக் கூடாது. ஒருநாள் ஒட்டன்சத்திரத்தில் மழைக்கு வண்டிக்குள்ளேயே படுத்திருந்தபோது சும்மா ஒரு விரலால் மேலே அழுத்திப் பார்த்தேன், தொட்ட இடத்திலிருந்து தண்ணீர் விரல் வழியாக முழங்கைக்கு இறங்கியது. விடியும்வரை அந்த ஓர் இடம் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது.

வாங்கப் போனால் "கேன்வாஸ் வேணும்" என்று மட்டும் சொல்லாதே மாப்பிள்ளை, எதற்கென்று சொல். நான் போன கடையில் முதலில் பள்ளிக்கூடப் பைக்குத் தைக்கிற மெல்லிசு ரகத்தை எடுத்துப் போட்டார்கள், அப்புறம் தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலிக்குப் போடுகிற கோடு போட்ட ரகம், அது உறுதிதான், ஆனால் பதம் ஏற்றாதது, மழைக்கு ஆகாது. ஓவியம் வரைகிற கேன்வாஸ் இன்னொரு தினுசு, மேலே வெள்ளைப் பூச்சு பூசி வரும். வண்டிக்கு வேண்டியது நெருக்கமாக நெய்த கனத்த ரகம். இதற்கு டக் என்று பெயர், வாத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, துணிக்கு டச்சு மொழியில் டூக் என்று சொல்வார்களாம், அதிலிருந்து வந்தது. இதில் அமெரிக்காக்காரன் வைத்த நம்பர் கணக்கு ஒன்று உண்டு, நம்பர் குறையக் குறைய கனம் கூடும். 10-ம் நம்பர் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிராம், 8-ம் நம்பர் 600-க்கு மேல். குட்டியானைக்கு 500 போதும். 600-க்குப் போய்விடாதே, தனியாளாகத் தூக்க முடியாது.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இது காயவே காயாது. மண்டித் தராசில் போட்டே பார்த்திருக்கிறேன், காய்ந்தபோது 10 கிலோ 400, நனைந்தபோது 19 கிலோ. பிளாஸ்டிக் அந்த அளவுக்கு மூன்று கிலோகூட இருக்காது, உதறினால் தண்ணீர் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் நாள் விட்டு நாள் மழை பெய்யும்போது இதை எங்கே விரிப்பது? மடித்து வைத்தால் மூன்றாம் நாள் புளித்த வாடை, ஒரு வாரத்தில் மடிப்பு ஓரமெல்லாம் கடுகு சிதறியது மாதிரி கறுப்புப் புள்ளி. பருத்தி பூஞ்சைக்குச் சாப்பாடு, அவ்வளவுதான் விஷயம். செம்பு உப்பு ஏற்றிய துணி பூஞ்சையைத் தாங்கும், அந்த மருந்தே துணிக்குப் பச்சை நிறத்தைக் கொடுக்கும் என்பார்கள். என் பச்சை வெறும் சாயமா மருந்தா என்று வாங்கும்போது கேட்கத் தோன்றவில்லை, நீ கேட்டுவிடு. புள்ளியைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் உன் அக்கா ஒரு மூலையைச் சோப்புத் தூள் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துவிட்டாள், புள்ளி போகவில்லை, மெழுகு போய்விட்டது. அன்றிலிருந்து மழை வந்தால் முதலில் ஒழுகுவது அந்த மூலைதான். சோப்பு ஆகாது, வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

முதல் மழையிலேயே ஒரு சாண் சுருங்கியது இன்னொரு கதை. பின் கொக்கிக்குக் கயிறு எட்டவில்லை, அதனால் தேவைக்கு மேல் ஓர் அடி கூட்டி வாங்கு.

அப்புறம் வளையம். விற்ற கடையில் "பித்தளை அண்ணே" என்றார்கள், நானும் நம்பினேன். பித்தளைப் பூச்சுதான், உள்ளே இரும்பு. இரண்டே வருடத்தில் துருப்பிடித்தது, அந்தத் துரு இறங்கிய இடத்தில் துணி பிஸ்கட் மாதிரி நொறுங்கியது, துரு பருத்தியை அப்படியே தின்றுவிடும். கயிற்றை இறுக்கினால் வளையம் கையோடு வந்தது. இப்போது போட்டிருப்பது அசல் பித்தளை, காந்தம் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன், ஒட்டவில்லை. தைத்தவரும் நல்ல கை. பாலியஸ்டர் நூலின் மேல் பருத்தி சுற்றிய நூலைப் போட்டார், பருத்தி நனைந்து பருத்தால் ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும் என்றார். ஆறு வருடமாகத் தையல் வழியே ஏன் கசிந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

பிளாஸ்டிக்கையும் பழி சொல்ல முடியாது. லேசு, மலிவு, செங்கலுக்கும் சிமெண்டுக்கும் அதுதான் சரி, வேர்த்தால் செங்கலுக்கு என்ன? ஆனால் நம் ஊர் வெயிலில் இரண்டு கோடை தாங்கினால் பெரிது, மடிப்பில் உதிர ஆரம்பிக்கும். பிளாஸ்டிக்கிலேயே இருந்திருந்தால் நான் இந்த ஆறு வருடத்தில் குறைந்தது மூன்று வாங்கியிருப்பேன். கணக்குப் பார்த்தால் கேன்வாஸ் விலை அதிகம்தான், ஆனால் அந்த ஒருநாள் மண்டியில் போன பணத்தைச் சேர்த்தால் அதிகம் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை, நீ வாங்காதே. நீ ஏற்றப்போவது டைல்ஸும் பெயிண்ட் டப்பாவும், வீட்டில் விரித்துக் காயப்போட மாடியும் இல்லை. வெங்காயமோ நெல்லோ ஏற்றுகிறேன் என்று என்றைக்காவது சொன்னால் அன்றைக்கு வா, நானே கூட வந்து காந்தத்தோடு பார்த்து வாங்கித் தருகிறேன். இந்த வாரம் என்னிடம் கேட்டால் பிளாஸ்டிக் என்றுதான் சொல்வேன். என்னுடையது மாடிக் கைப்பிடிச் சுவரில் இன்றோடு நாலு நாளாகக் கிடக்கிறது, மேலே காய்ந்துவிட்டது, மடிப்பு ஓரத்தில் கை வைத்தால் இன்னும் சில்லென்று இருக்கிறது, நாகமலைப் பக்கம் மேகம் வேறு கூடுகிறது.