ஸ்டெபிலைசரா, எஸ்எம்பிஎஸ்ஸா, பவர் லிமிட்டா? புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டதும் பிசி தானாக ரீஸ்டார்ட் ஆனால்

அக்கா மகன் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் இருக்கிறான். பிசியில் இருந்த பழைய ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு ஆர்டிஎக்ஸ் 3070 வாங்கிப் போட்டான். ரெண்டாம் நாளே போன். "மாமா, கேம் நல்லா ஓடிக்கிட்டு இருக்கு, திடீர்னு கறுப்பாயி மறுபடி பூட் ஆகுது. எர்ரர் ஒண்ணும் வரல. பாட்டு கேட்டா, படம் பாத்தா ஒண்ணும் ஆகல."

அதற்குள் அவனுக்கு ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் "லோ வோல்டேஜ்தான், ஸ்டெபிலைசர் போடு" என்றார். கார்டு விற்ற பையன் "எஸ்எம்பிஎஸ் பத்தல, மாத்திரு" என்றான். சுவர் மின்சாரத்தை பிசிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். கூட்டாளிகள் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார்கள். நான் சொன்னது காசில்லாத வழி: கார்டு இழுக்கும் வாட்டைக் குறைத்துப் பார். நாலு வழியையும் அவன் மெஷினில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் கூடுதலாக வரும் என்பதால் விரிவாக எழுதுகிறேன். லோ வோல்டேஜும் உப்புக்காற்றும் எங்கள் பக்கம் எப்போதும் கூடவே இருப்பவை. எது கெட்டாலும் பழி முதலில் அவற்றின் மேல்தான் விழும்.

விண்டோஸ் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரிக்குள் போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். டிரைவரோ ரேமோ காரணமென்றால் இனி பெரும்பாலும் நீலத்திரை வந்து அப்படியே நிற்கும். நீலத்திரையே வராமல் பழையபடி டப்பென்று கறுப்பானால், ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவைத் திறந்து 'பக்செக்கோட்' என்ன எண் என்று பாருங்கள். பூஜ்யம் என்றால், என்ன நடந்தது என்று எழுதிவைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. மின்சாரம் பக்கம் சந்தேகம் திரும்ப அதுவே போதும். அவனுக்கு எல்லாமே பூஜ்யம். அதற்கு மேல் விண்டோஸைக் கைவைப்பது வீண் வேலை. ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை மட்டும் பயாஸில் ஒரு நாள் அணைத்துப் பார்த்தோம், மாற்றமில்லை.

அடுத்து ஸ்டெபிலைசர். இதில்தான் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. அவன் கார்டு போட்டது ஜூன் மூன்றாம் வாரம். ஏப்ரல் 15-இல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போக, ஐஸ் பிளான்ட்டுகள் மறுபடி முழு மூச்சாக ஓட ஆரம்பித்த நேரம். லைனில் கடைசிக்கு முந்தின வீடு அவர்களுடையது. சாயங்காலம் ஆனால் டியூப்லைட் தயங்கித்தான் எரியும். "தடைக்காலத்துல ஒரு தொந்தரவும் இல்லையே, ஐஸ் பிளான்ட் ஓடுனதும்தானே ஆகுது" என்று அக்கா கேட்டபோது, கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

சாக்கெட்டில் சொருகுகிற சின்ன டிஜிட்டல் வோல்ட்மீட்டர் ஒன்று வாங்கி வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவை ரீஸ்டார்ட் ஆகும்போதும் நேரத்தையும் மீட்டர் காட்டுவதையும் நோட்டில் குறித்துக்கொண்டான். அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினான். ராத்திரி 7.40, 188 வோல்ட். 8.15, 191. அதற்குக் கீழே, 11.50, 229. மறுநாள் காலை 6.30, 232. நம் நாட்டில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். 188 குறைவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊரே தூங்கும்போது 229-இலும் அதே மாதிரி அணைகிறது என்றால் வோல்டேஜ் மேல் மட்டும் பழி போட முடியாது.

இங்கே எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். இன்புட் என்ற இடத்தில் 100–240 வோல்ட் என்று இருந்தால் அதில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அந்த வகை, சுவரில் 188 வந்தாலும் 230 வந்தாலும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரை ஏறத்தாழ 380 வோல்ட்டுக்கு ஏற்றி வைத்துக்கொள்ளும். லோ வோல்டேஜ் அதற்குப் பெரிய விஷயமே அல்ல. 200–240 என்றோ வெறும் 230 என்றோ போட்டிருந்தாலும், பின்னால் 115/230 என்று சின்ன சிவப்பு சுவிட்ச் இருந்தாலும் கதை வேறாக இருக்கலாம். ஆக்டிவ் பிஎஃப்சி இல்லாத பழைய வகையில் கெப்பாசிட்டரின் வோல்டேஜ் சுவரோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 230-இல் 325 வோல்ட் இருப்பது 188-இல் 266-க்கு வந்துவிடும். சேமித்து வைக்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஃப்ரிட்ஜோ மோட்டாரோ ஸ்டார்ட் ஆகும்போது விழுகிற ஒரு சின்னத் தாழ்வைக்கூட அதனால் தாங்க முடியாது. இந்த இரண்டாம் வகை வைத்திருப்பவருக்கு எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னது சரி. அப்போதும், அந்தக் காசை ஸ்டெபிலைசரில் போடாமல் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டால் லோ வோல்டேஜைத் தாங்குவது, கார்டுக்கு ஈடுகொடுப்பது என்று ரெண்டு வேலையும் முடியும் என்பதே என் அபிப்பிராயம்.

ரிலே வைத்த சாதாரண ஸ்டெபிலைசரில் இன்னொரு சங்கடம் உண்டு. வோல்டேஜ் ஆடும்போதெல்லாம் 'டக் டக்' என்று டேப் (உள்ளே இருக்கும் காயிலின் இணைப்பு) மாற்றும். ஒவ்வொரு 'டக்'குக்கும் சில மில்லிசெகண்ட் கரன்ட் அறுந்து ஒட்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் 16, 17 மில்லிசெகண்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தளர்ந்துபோனது நிற்காது. ஃப்ரிட்ஜைக் காப்பாற்றுகிற பெட்டியே பிசியை ரீஸ்டார்ட் பண்ணும் நிலை வரலாம்.

யுபிஎஸ் வாங்கலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். பழைய 1650-க்கு அது தாராளம். 3070 போட்டபின் மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது அந்த எல்லையைத் தொட்டுவிடும். பேட்டரிக்கு மாறுகிற கணத்தில் யுபிஎஸ்ஸே ஓவர்லோடில் அணைந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அது சைன்வேவா என்று பாருங்கள், யுபிஎஸ் மோடில் வையுங்கள். ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டரும் ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்ஸும் பல சமயம் ஒத்துப்போகாது.

அவன் ஸ்டிக்கரில் 100–240 என்றே இருந்தது. ஸ்டெபிலைசரை விட்டுவிட்டோம்.

காசில்லாத வழிக்கு வந்தோம். கார்டின் அமைப்புகளை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டு பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கினோம். 3070-இன் கணக்கு 220 வாட். 70 சதவீதம் என்றால் 154. கூடவே ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) மானிட்டரின் அளவுக்குக் கட்டினோம். கட்டுப்பாடில்லாத மெனு திரையிலும் லோடிங் திரையிலும் கார்டு தறிகெட்டு ஓடுவது பலருக்குத் தெரியாது. அவனுக்கும் பாதி ரீஸ்டார்ட் மெனுவிலேதான் நடந்திருந்தது. அன்றிலிருந்து ரெண்டு வாரம், 188 வோல்ட் சாயங்காலங்களையும் சேர்த்து, ஒரு தடவைகூட அணையவில்லை. 92 ஃபிரேம் காட்டிய இடத்தில் 84 காட்டியது, அவ்வளவுதான் இழப்பு.

நான்கு வழிகளில் இதைத்தான் எல்லாரும் முதலில் செய்ய வேண்டும் என்பேன். இது மருந்து மட்டுமல்ல, நோய் எங்கே என்று சொல்கிற சோதனையும்கூட. வாட்டைக் குறைத்ததும் நின்றுவிட்டால் கார்டுக்குக் கரன்ட் போகிற பாதையில் குறை. குறைத்தும் நிற்கவில்லை என்றால் ரேம், மதர்போர்டு, சுவிட்ச் போர்டு, எர்த் என்று வேறு பக்கம் தேட வேண்டும். எர்த் பற்றி ஒரு வார்த்தை: கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா, பென்டிரைவ் சொருகும்போது மெஷின் அணைகிறதா, எர்த் பைப்பைத் தோண்டிப் பாருங்கள். உப்பு மண்ணில் துத்தநாகம் பூசிய ஜிஐ இரும்புப் பைப் சத்தமில்லாமல் கரைந்து போகும். மேலே கம்பி அழகாக நிற்கும், கீழே ஒன்றும் இருக்காது.

பவர் லிமிட்டை விட அண்டர்வோல்ட் ஒரு படி மேல். பவர் லிமிட் சராசரியைத்தான் பிடிக்கும், கார்டு கணநேரம் கூடுதலாக இழுக்கும் துள்ளல் தப்பித்துவிடும். கார்டின் வோல்டேஜையே ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் வைத்தால் துள்ளலும் சேர்ந்து அடங்கும். 3070-இல் 900 மில்லிவோல்ட் பக்கம் தொடங்கலாம். கார்டுக்குக் கார்டு மாறும், பொறுமையாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும்.

இனி வயர். கேபினெட்டைத் திறந்தபோது கார்டின் ரெண்டு எட்டு-பின் சாக்கெட்டுக்கும் ஒரே கேபிளின் ரெண்டு தலைகளைச் சொருகியிருந்தான். ஒரு எட்டு-பின் 150 வாட்டுக்கு, மதர்போர்டு ஸ்லாட் 75 வாட்டுக்கு. காகிதத்தில் கணக்கு சரியாக வரும், ஆனால் மெல்லிய வயரில் அத்தனை கரன்டும் ஓடும்போது முனையில் வோல்டேஜ் இறங்கும். 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே போகக் கூடாது. தனித்தனியாக ரெண்டு கேபிள் போட்டோம்.

அந்தத் தலையை டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. எட்டு ஓட்டைகளில் ரெண்டில் உலோகம் மங்கி, ஓரத்தில் பாசி மாதிரி பச்சை. மூன்று வருஷமாக யாரும் சொருகாமல் கேபினெட்டுக்குள் தொங்கிய கேபிள். மெஷின் இருந்த இடமோ தெற்கு ஜன்னலுக்குக் கீழே. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நேராக உள்ளே வரும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தவைத்த காற்று அது. காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்தது சும்மா இல்லை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துக் காயவைத்தோம். பச்சை ஏறிய தலையை மறுபடி பயன்படுத்தவில்லை. மெஷினை வடக்குச் சுவர் பக்கம் மாற்றினோம்.

பவர் லிமிட்டை மறுபடி நூறுக்கு ஏற்றிப் பார்த்தோம். ஒரு நாளைக்கு நாலு தடவை அணைந்தது மூன்று நாளுக்கு ஒரு தடவையாகக் குறைந்தது. முழுசாக நிற்கவில்லை.

கார்டு விற்ற பையன் சொன்னதற்கே வந்து சேர்ந்தோம், ஆனால் காரணம் தெரிந்து வந்தோம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியில் 550 வாட் என்று பெரிதாக இருந்தது. ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே 36 ஆம்ப். பெருக்கினால் 432 வாட். கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான், மீதி 3.3-க்கும் 5-க்கும் எழுதிய கணக்கு. அவன் பிராசஸர் ரைசன் 5 3600 உச்சத்தில் 88 வாட், கார்டு 220, ஃபேன் எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 358. பார்த்தால் போதும் போலத்தான் இருக்கும். ஆனால் இந்தத் தலைமுறைக் கார்டுகள் சில மில்லிசெகண்ட் நேரத்துக்குத் தங்கள் அளவைப் போல ஒன்றரை மடங்கு, சமயத்தில் அதற்கும் மேல், இழுக்கும். 220 அந்தக் கணத்தில் 330 ஆகிவிட்டால் மொத்தம் 468. ஆறு வருஷம் ஓடித் தளர்ந்த கெப்பாசிட்டரால் அந்தத் துள்ளலுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 12 வோல்ட் சரிந்து, மின்சாரம் சரியாக இருக்கிறது என்று சொல்லும் 'பவர் குட்' சிக்னல் விழுந்ததும் மதர்போர்டு ரீசெட் ஆகிவிடுகிறது. 75 வாட் 1650-க்கு இந்தத் துள்ளல் ஒரு பொருட்டே அல்ல. அதனால்தான் இத்தனை வருஷம் நல்ல பெயரோடு ஓடியது.

இந்தக் கார்டுக்குத் தயாரிப்பாளர் பரிந்துரைப்பது 650 வாட். 650-க்கும் 750-க்கும் நடுவே யோசித்தபோது நான் 750 என்றேன். கரையோரத்தில் எந்தப் பொருளும் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களை விடச் சீக்கிரம் தளரும். கொஞ்சம் கையிருப்பு இருக்கட்டும். ஆனால் வாட்டை விட முக்கியமாகப் பார்க்கச் சொன்னது ஏடிஎக்ஸ் 3.0 என்ற குறிப்பு. 2022-இல் வந்த இந்த விதி துள்ளலுக்காகவே எழுதப்பட்டது. புது வகைக் கார்டு கனெக்டரோடு வருகிற எஸ்எம்பிஎஸ், தன் அளவைப் போல இரு மடங்கை 100 மைக்ரோசெகண்ட், அதாவது நொடியைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு நேரம், தாங்க வேண்டும். பழைய விதியில் செய்த 850-ஐயும் புது விதியில் செய்த 750-ஐயும் ஒரே விலைக்குக் கொடுத்தால் நான் 750-ஐத்தான் எடுப்பேன்.

மாட்டும்போது பழைய மாடுலர் (கழற்றி மாட்டக்கூடிய) கேபிள்களைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் சொருகிவிடாதீர்கள். தலை பொருந்தும், உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஸ்எஸ்டி எரிந்துபோன மெஷின்களை நான் கையால் தூக்கியிருக்கிறேன்.

புதுசு போட்டபின் பவர் லிமிட் நூறில் ஒரு மாதம் ஓட்டினான். வோல்ட்மீட்டர் சாயங்காலம் இன்னமும் 190 பக்கம்தான் காட்டுகிறது, மெஷின் அணையவில்லை. அண்டர்வோல்ட்டை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், வெயில் காலத்தில் அந்த அறை தாங்காது. ஸ்டெபிலைசருக்கென்று அக்கா எடுத்துவைத்த பணத்தில் எர்த் பைப்பை மாற்றினார்கள். தோண்டியபோது பழைய பைப் ஒரு முழத்துக்கு மேல் வரவில்லை. மீதி துருவாகக் கையோடு வந்தது.