கடல் தெரியும் அறையா, கேஸ் அடுப்புள்ள வீடா? லங்காவியும் பங்கோரும்

விடுமுறை முடிந்து வீட்டுக்கு வந்ததும், துணி துவைப்பதற்கு முன்னால் நான் 555 நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்கு எழுத உட்கார்ந்துவிடுவேன். தோட்ட அலுவலகத்தில் இருபது வருடம் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட வியாதி. அந்த நோட்டில் இப்போது இரண்டு கடல் பயணங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன: 2023இல் லங்காவித் தீவு, 2025இல் பங்கோர் தீவு. இரண்டுக்கும் போனது அதே ஏழு பேர்தான். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அத்தை, கொழுந்தனார், ஓரகத்தி. இரண்டுமே மூன்று பகல், இரண்டு இரவு. எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யாராவது “கடலுக்குப் போகலாம்னு இருக்கோம், எங்கே நல்லாயிருக்கும்?” என்று கேட்டால் இந்த நோட்டைத்தான் நீட்டுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பங்கோர் பக்கம்.

அழகில் லங்காவிதான் ஒரு படி மேல். அதில் வாதம் இல்லை. கேபிள் கார், சதுப்புநிலக் காட்டுக்குள் படகு, செனாங் கடற்கரையின் நீளம் எல்லாம் பங்கோரில் கிடையாது. தூரத்தில் பங்கோர் ஜெயிக்கிறது. எங்கள் ஊரிலிருந்து லூமுட் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும், அங்கிருந்து ஃபெரி அரை மணிக்குக் கொஞ்சம் கூட. லங்காவிக்குக் கோலா கெடா வரை மூன்று மணி நேரம் கார், அப்புறம் ஃபெரியில் இன்னொரு ஒன்றரை மணிக்கு மேல். அத்தைக்கு ஃபெரியில் தலைசுற்றும் என்பதால் எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவதாகப் பெர்ஹெந்தியான் தீவும் பேச்சில் வந்தது. நான் போனதில்லை, கூட வேலை பார்க்கும் ஒருத்தி போய் வந்தாள். அங்கே பெரும்பாலும் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்த பேக்கேஜ். காசு முன்கூட்டியே தெரிந்துவிடும், அது நல்லதுதான். ஆனால் கெரிக் வழியாக மலைச்சாலையில் கோலா பெசுட் வரை போக வேண்டும். கீழைக்கரையில் பருவமழை அடிக்கும் மாதங்களில், ஏறக்குறைய நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, அந்தப் பக்கத்துத் தீவுகள் அனேகமாக மூடியே கிடக்கும். எங்களுக்கு லீவு கிடைத்ததோ டிசம்பரில். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது காசு. “வரியில்லாத் தீவு” என்றதும் எல்லாமே மலிவு என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். லங்காவிக்கு அந்தச் சலுகை 1987இலிருந்து இருக்கிறது, பங்கோருக்கு 2020 ஜனவரியில் வந்தது. சாக்லேட்டும் சட்டி பானையும் மலிவுதான். சுட்ட மீனும் சோறும் மலிவாகிவிடாது. அரிசி, கோழி, எண்ணெய் எல்லாம் படகேறித்தான் தீவுக்கு வர வேண்டும். கோழிக்கான உதவித்தொகையை 2023 நவம்பரில் நிறுத்தினார்கள். சேவை வரி 2024 மார்ச்சில் 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. சாப்பாட்டுக்கு அது 6இலேயே நின்றாலும் மற்ற செலவுகளில் ஏறியதைக் கடைக்காரர் விலைப்பலகையில் காட்டாமல் விடுவாரா? குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1,700 ஆனது. அது ஏறியதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, பால்மரம் சீவியவரின் மகள் நான். ஆனால் ஏழு பேர் மேசையில் உட்கார்ந்தால் இதெல்லாம் சேர்ந்து ஒரே பில்லாக வந்து நிற்கிறது.

லங்காவியில் இரண்டு அறை எடுத்தோம், காலைச் சாப்பாடு அதில் சேர்த்தி. மதியமும் இரவும் வெளியில். சாப்பாட்டுக்கு மட்டும் 742 வெள்ளி ஆனது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது: கிளினிக், இரண்டு பேர், 186 வெள்ளி.

அந்த வரியால்தான் இந்தக் கட்டுரையே. முதல் நாள் இரவு கடற்கரையோரம் ஒரு கடையில் கெராங் ரெபுஸ், அதாவது அவித்த மட்டி, வாங்கினோம். சின்னவன் ஒரு தட்டு முழுக்க அவனே தின்றான். ஓடு பாதி திறந்து, உள்ளே இன்னும் சிவப்புத் தண்ணீர் நிற்கிற மாதிரிதான் பலருக்கும் பிடிக்கிறது, அவனுக்கும் அப்படியே. மறுநாள் காலை கொஞ்சம் தாமதமாக இறங்கினோம். பஃபேயில் நாசி கோரிங் (வறுத்த சோறு) மூடியைத் தூக்கினேன், ஆவி வரவில்லை. குனிந்து பார்த்தால் கீழே இருந்த சின்ன நெருப்பு எப்போதோ அணைந்திருக்கிறது. “சூடு போதும்மா, எனக்கு வாய் வேகாமல் இருக்கும்” என்று அத்தை இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். மதியத்துக்குள் வாந்தி. சின்னவனுக்குச் சாயங்காலம் வயிற்றுப்போக்கு. அத்தைக்குச் சர்க்கரை வேறு. வாந்தி நிற்கும்வரை மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தி வைக்கச் சொன்னார் கிளினிக் டாக்டர். கேட்காமல் நாமாக அப்படிச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

சோறா, கெராங்கா, ஐஸ் தண்ணீரா, சத்தியமாகத் தெரியாது. நான் கிராணி, டாக்டர் இல்லை. அந்தக் கடைமேலும் பழி போட மாட்டேன், தீவுமேலும் போட மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் படித்ததிலும் கேட்டதிலும் ஒன்று புரிந்தது. கடற்கரையில் கெடுகிற வயிறு பெரும்பாலும் சூட்டுக்கும் நேரத்துக்கும் இடையில்தான் கெடுகிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிடக்கிற சாப்பாட்டில் கிருமி பெருகும். நம் ஊர் வெயிலில் மேசைமேல் வைத்த எதுவும் அந்த இடைவெளிக்குள்தான் கிடக்கிறது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

சோறு இன்னும் பொல்லாதது. அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை விடுகின்றன. மறுபடி வாணலியில் போட்டு எப்படி வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. பழைய சோற்றில் நாசி கோரிங் போடும்போது முந்தின இரவு அந்தச் சோறு எங்கே படுத்திருந்தது என்பதுதான் கேள்வி. வெளியில் சாப்பிடுகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. என்னைப் பங்கோர் பக்கம் தள்ளியது இதுதான்.

பங்கோரில் பாசிர் போகாக் பக்கம் மூன்று அறை வீடு ஒன்று எடுத்தோம். கடல் தெரியாது, ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு. ஆனால் கேஸ் அடுப்பு, ரைஸ் குக்கர், பிரிட்ஜ் மூன்றும் இருந்தன. முன்பதிவு செய்யும்போதே “அடுப்பு இருக்கா? தண்ணி காய்ச்சுற கெண்டி மட்டும் வைச்சிட்டுச் சமையலறைன்னு சொல்றீங்களா?” என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுவிட்டேன். பல இடங்களில் ‘கிச்சன்’ என்றால் ஒரு கெண்டியும் இரண்டு கோப்பையும்தான்.

புறப்படும் முதல் நாளே வீட்டில் கோழிப் பிரட்டல் வைத்து, ஆறியதும் ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்துக் கல்லாக உறைய வைத்தேன். சாம்பாரும் அப்படியே. ஐஸ் பெட்டியில் இவற்றோடு உறைந்த தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கினால் தனியாக ஐஸ் வாங்க வேண்டியதில்லை, கரைந்தால் குடித்தும் விடலாம். அரிசி, பருப்பு, வெங்காயம், நெத்திலி, நாலு டின் சாடின். ஃபெரியில் இந்த மூட்டையைப் பார்த்து ஒரு மலாய்க்கார மாமா “குடி போறீங்களா?” என்று மலாயில் கேட்டார். ஓரகத்திக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்குள் நுழைந்து பிரிட்ஜைத் திறந்தேன். விளக்கு எரியவில்லை, உள்ளிருந்து வெதுவெதுவென்று ரப்பர் வாடை. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று பிளக்கைக் கழற்றியே வைத்திருக்கிறார்கள். மாட்டினதும் ஓடத் தொடங்கியது, ஆனால் வெறும் பிரிட்ஜ் குளிரப் பல மணி நேரம் ஆகும். அதுவரை ஐஸ் பெட்டியை யாரையும் திறக்கவிடவில்லை. மீன் வாங்குவதையும் மறுநாள் காலைக்குத் தள்ளினேன். அன்று இரவு பிரட்டலைக் கொதிக்கக் கொதிக்கச் சுடவைத்து, சுடுசோற்றோடு முடித்துக்கொண்டோம். மிஞ்சிய சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, பிரிட்ஜ் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைத்தேன். காலையில் அதே சோற்றில் நாசி கோரிங். அத்தை ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியை எடுத்தார்.

மீன் விஷயத்தில் பங்கோருக்குத் தனி வசதி உண்டு, அது மீன்பிடித் தீவு. பங்கோர் பட்டணத்தில் காலையில் படகிலிருந்து இறங்குவதைப் பார்த்தே வாங்கலாம். சுங்கை பினாங் கெச்சில் பக்கம் நெத்திலி காய்கிற வாசம் தெருவரைக்கும் வரும். ஆனால் ‘கடலோரம், அதனால் பச்சை மீன்’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. தோங்கோல், கெம்போங் மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சதைக்குள் ஊறிவிடும். அதைச் சமைத்தும் போக்க முடியாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும், நாமோ மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வோம். ஐஸுக்குள் புதைந்து கிடப்பதை வாங்கி, நேராக வீட்டுக்குக் கொண்டுபோய், மதியமே குழம்பு வைத்துவிட வேண்டும். கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று காரிலோ வேனிலோ மீனைப் போட்டுவைக்கக் கூடாது.

சரி, கணக்கு. ஊரிலிருந்து கொண்டுபோன சாமான் 128 வெள்ளி. மீனும் இறாலும் 117. இரண்டு வேளை மட்டும் வெளியில், 164. மொத்தம் 409. லங்காவியைவிட 333 வெள்ளி குறைவு, அதுவும் இரண்டு வருடம் கழித்து விலையெல்லாம் ஏறிய பிறகு. கிளினிக் வரி காலி.

நோட்டில் எழுதாத செலவு ஒன்றும் இருக்கிறது. விடுமுறைக்குப் போயும் அடுப்படியில் நிற்பது யார்? புறப்படும் முன்பே ஓரகத்தி கேட்டுவிட்டாள்: “அக்கா, கடலைப் பார்க்கப் போறோமா, கங்கோங் கீரை அரியப் போறோமா?” நியாயமான கேள்வி. கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். காலையும் மதியமும் நாங்கள், இரவுச் சமையலும் எல்லாப் பாத்திரமும் ஆண்கள். கொழுந்தனார் சாடின் சம்பலில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார். ஆனாலும் சட்டி காலி. இந்த ஒப்பந்தத்துக்கு உங்கள் வீட்டில் ஆள் இல்லையென்றால் லங்காவிக்கே போய்விடுங்கள். கசப்போடு சமைக்கிற விடுமுறைக்கு 333 வெள்ளி பெரிய காசில்லை. இரண்டே பேர் போகிறீர்கள் என்றாலும் என் கணக்கு செல்லாது. முழு வீட்டு வாடகையை இரண்டு பேர் தலையில் கட்டிவிட்டுச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்து என்ன பயன்?

லங்காவி என்று முடிவானால், அனுபவத்தில் சுட்ட இரண்டு மூன்றைச் சொல்கிறேன். பஃபேக்குக் கதவு திறந்ததும் போங்கள், கடைசி அரை மணி நேரத்தில் போகாதீர்கள். இரவுச் சந்தை தினம் ஓர் ஊரில் நடக்கும். அங்கே கண்ணெதிரே வாணலியிலிருந்து எடுத்துத் தருவதை வாங்கலாம், அப்போதே சாப்பிடவும் வேண்டும். அறைக்குக் கொண்டுபோய் இரவு பதினொரு மணிக்குப் பிரித்தால் வாணலி சூட்டுக்கு அர்த்தமே இல்லை. சுவரில் கடையின் சுத்தத்துக்கான ஏ, பி, சி தரச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். கெராங் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் வேகவைக்கச் சொல்லுங்கள். ருசி குறையும்தான்.

எங்கே போனாலும் பையில் வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு கிடக்கட்டும், மருந்துக்கடையில் சில்லறைக் காசுதான். அது இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சமமாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கண் அளவில் போடாமல் கரண்டியால் அளக்க வேண்டும். அன்றைக்கு லங்காவியில் சின்னவனுக்கு நாங்கள் கொடுத்தது கேஸ் தண்ணீர், அதாவது கேஸ் அடைத்த குளிர்பானம், இனிப்பு ஏறி வயிற்றுப்போக்கு இன்னும் கூடியது.

அடுத்த லீவுக்கும் அதே பாசிர் போகாக் வீடுதான். மாசி மகத்தின்போது வந்தால் கடலோரத்துப் பத்திரகாளியம்மன் கோயில் திருவிழாவையும் பார்த்துவிடலாம் என்று அத்தைக்கு ஆசை. அப்போது தீவு நிரம்பி வழியும், வாடகையும் ஏறும், அதனால் இன்னும் முடிவாகவில்லை. போன வாரம் வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டேன். தேதியைச் சொல்வதற்கு முன்னால் நான் கேட்டது, “வர்றதுக்கு முதல் நாள் ராத்திரியே பிரிட்ஜ் பிளக்கை மாட்டி வைக்க முடியுமா?” கொஞ்சம் யோசித்தார். பத்து வெள்ளி கூடக் கேட்டார். சரி என்றேன்.