25.17%-ஆ, 34.94%-ஆ: கம்பெனிகள் எந்த வரியைத் தேர்ந்தெடுத்தன?

2019 செப்டம்பர் 20 அன்று கோவாவில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கம்பெனி வரியைக் குறைத்து அறிவித்ததும் சென்செக்ஸ் ஒரே நாளில் 1,921 புள்ளிகள் எகிறியது. அடுத்த மாதம் வந்த காலாண்டு முடிவில் ஆக்சிஸ் வங்கி காட்டியதோ 112 கோடி ரூபாய் நஷ்டம். அதே வரிக் குறைப்புதான் காரணம்.

பழைய முறையில் பெரிய கம்பெனிக்கு அடிப்படை வரி 30%. வருமானம் 10 கோடியைத் தாண்டினால் அந்த வரியின்மேல் 12% சர்சார்ஜ் எனும் கூடுதல் வரி, அதன்மேல் 4% செஸ் எனும் மேல்வரி, மொத்தம் 34.94%. வருமான வரிச் சட்டத்தில் 2019-இல் வந்த புதிய 115பிஏஏ பிரிவில் 22%, சர்சார்ஜ் 10%, செஸ் 4%, மொத்தம் 25.17%. மேலோட்டமாகப் பார்த்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் புதியதற்குப் போகிறவர்கள் சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகை, கூடுதல் தேய்மானம், உள்கட்டமைப்புக்கான 80ஐஏ கழிவு எல்லாவற்றையும் கைவிட வேண்டும். போனால் போனதுதான், திரும்பி வர முடியாது.

2019-இல் இருந்த விதிப்படி ஒரு கணக்கு: 100 கோடி லாபம் என்று வைத்துக்கொள்வோம். சலுகைகள் 40 கோடியைக் கழித்துவிட்டால் பழைய முறையில் வரி சுமார் 20.97 கோடி, புதியதில் 25.17 கோடி. இங்கே பழையதுதான் லாபம். இரண்டும் சமமாகும் இடம் சுமார் 28 கோடிக் கழிவு. அதற்குக் கீழே இருந்தால் புதியதற்குப் போகலாம். கழிவு 60 கோடியானால் வரி 13.98 கோடிக்கு இறங்கும், ஆனால் மேட் எனப்படும் குறைந்தபட்ச மாற்று வரி (சலுகை எவ்வளவு இருந்தாலும் கணக்குப் புத்தக லாபத்தின்மேல் கட்டியாக வேண்டிய வரி) குறுக்கே வந்து 17.47 கோடியை வாங்கிவிடும். அந்த வித்தியாசம் மேட் கிரெடிட்டாகச் சேர்ந்து 15 ஆண்டு வரை பின்னால் கழித்துக்கொள்ள உதவும். புதிய முறையில் மேட்டே கிடையாது. சேர்த்து வைத்த கிரெடிட்டும் காலாவதி. சலுகை பெறும் ஐடி, மின்சாரக் கம்பெனிகள் பழையதிலேயே சில வருஷம் தங்கியதைத் தயக்கம் என்று சொல்ல மாட்டேன். கிரெடிட்டைக் கரைத்துவிட்டுக் கிளம்புவதுதான் அன்று புத்திசாலித்தனம்.

இனி வங்கிகள் கதை. வாராக்கடனுக்கு ஒதுக்கும் தொகையில் பெரும்பகுதிக்கு அந்த வருஷமே வரிக் கழிவு கிடைக்காது. கடனைத் தள்ளுபடி செய்யும்போதுதான் கிடைக்கும். அந்த வருங்கால வரி மிச்சத்தை இன்றே சொத்தாக எழுதி வைப்பார்கள். டெஃபர்டு டாக்ஸ் சொத்து என்பது அதுதான். 1,000 கோடி ஒதுக்கீடு என்றால் பழைய விகிதத்தில் அந்தச் சொத்து 349 கோடி, புதியதில் 252 கோடி. விகிதம் குறைந்த அன்றே 97 கோடிக்கு மேல் காணாமல் போகிறது, அது வரிச் செலவாக லாப நஷ்டக் கணக்கில் விழுகிறது. ஆக்சிஸுக்கு அப்படி விழுந்தது 2,138 கோடி. ஐசிஐசிஐ வங்கிக்கு 2,920 கோடி, அதனால் அந்தக் காலாண்டில் அதன் நிகர லாபம் 655 கோடியில் நின்றது. இரண்டு வங்கிகளும் செய்தது சரியென்றே படுகிறது: ஒரு காலாண்டு அடி வாங்கிக்கொண்டு, வரும் எல்லா வருஷத்துக்கும் லாபத்தில் கால்பங்கு வரியோடு முடித்துக்கொண்டார்கள்.

தேய்மான வித்தியாசத்தால் டெஃபர்டு டாக்ஸ் கடன்பாடு, அதாவது பின்னால் கட்ட வேண்டிய வரி, வைத்திருந்த ஆலைகளுக்கு இதே கணக்கு தலைகீழ். கடன்பாடு சுருங்கி, லாபம் சும்மா உயர்ந்தது. அந்த வருஷத்து பயனுறு வரி விகிதத்தை (லாபத்தில் வரிச் செலவாகக் காட்டிய பங்கை) அப்படியே எடுத்து அடுத்த வருஷத்தை மதிப்பிட்டவர்கள் ஏமாந்திருப்பார்கள். ஆண்டறிக்கையின் வரிக் குறிப்பில், சட்ட விகிதத்திலிருந்து பயனுறு விகிதம்வரை வரிசையாகச் சொல்லும் அட்டவணை இருக்கும். அதில் விகித மாற்றத்தால் வந்த வரியை நீக்கிவிட்டுத்தான் மீதியைப் பார்க்க வேண்டும்.

ஒரு கோடிக்குக் கீழ் வருமானமுள்ள சின்னக் கம்பெனிக்கு இந்தப் பரபரப்பு எதுவும் இல்லை. 400 கோடி விற்றுமுதல் வரம்புக்குள் இருந்தால் பழைய முறையிலேயே 26%தான். மாறினால் மிச்சம் ஒரு சதவீதம்கூடத் தேறாது.