கடற்கரை நடைக்கு ஒரு சிறிய நீர்வண்ணப் பெட்டி

சட்டைப் பையில் அடங்கும் தகரப் பெட்டி, உள்ளே 12 வண்ணக் கட்டிகள், கைப்பிடிக்குள் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் தூரிகை ஒன்று. விடுமுறையில் கடலோரம் நடக்கும்போதெல்லாம் இது என்னுடன் வருகிறது. மூடியே வண்ணம் கலக்கும் தட்டு என்பதால், பாறைமேல் உட்கார்ந்த உடனே வரையத் தொடங்கிவிடலாம்.

இதிலுள்ள அல்ட்ராமரின் நீலம் எனக்கு உயிர். அதன் துகள்கள் சொரசொரப்பான தாளின் குழிகளில் திரண்டு தங்கும்; காய்ந்ததும் கலங்கிய அலையின் மேற்பரப்பு தானாகவே தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கணம் மகிழ்ச்சி தருகிறது. அதனுடன் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தைக் கொஞ்சம் கலந்தால் மழைமேகத்தின் சாம்பல் நிறம் கிடைத்துவிடுகிறது; கறுப்புக் கட்டியை நான் தொடுவதே இல்லை.

தூரிகைதான் குறை. சற்று அழுத்தினாலே தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கப் பழைய துணி கட்டாயம் வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் வண்ணம் மெதுவாகக் காய்வது பெட்டியின் பிழையன்று. மெல்லிய தாள் நெளிந்துவிடும், 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கொண்ட தடித்த தாளையே வாங்குங்கள். வீடு திரும்பியதும் மூடியைத் திறந்து வையுங்கள், ஈரத்தோடு மூடினால் கட்டிகளில் பூஞ்சை படரும்.