நெற்றி மடிப்பு இல்லாத வேற்றுக்கிரகவாசிகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றிலுள்ள கடையில் விண்கலப் பணிக்குழுவைத் தெரிவு செய்யும் அட்டை விளையாட்டொன்றை வாங்கி, போயா விடுமுறையன்று அக்காவின் பிள்ளைகளோடு விளையாடிப் பார்த்தேன். மனிதனின் நெற்றியில் இரண்டு மடிப்பை ஒட்டிவிட்டு வேற்றுக்கிரகவாசி என்று காட்டும் சோம்பல் இதில் இல்லை. தொலைக்காட்சிக்கு ஒப்பனைச் செலவு என்ற தடை இருந்தது. 1973இல் ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் கார்ட்டூனாக வந்தபோது, மூன்று கைகளும் மூன்று கால்களும் கொண்ட அரெக்ஸ் பணிக்குழுவில் இடம்பிடிக்க முடிந்தது. அட்டைக்கும் அந்தத் தடை இல்லை.

என்னை மிகவும் கவர்ந்தவர் ஒக்டோபஸை ஒத்த பொறியியலாளர். உண்மையான ஒக்டோபஸின் நரம்புக் கலங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதன் கைகளிலேயே இருப்பதால் ஒவ்வொரு கையும் ஓரளவு தன்போக்கில் இயங்கும்; அதை வைத்தே, இந்த அட்டையை எடுத்தவர் ஒரே சுற்றில் மூன்று பழுதுகளைத் திருத்தலாம், ஆனால் அவருடைய அறையை நீரால் நிரப்ப வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். ஒரு கனமீற்றர் நீர் 1000 கிலோகிராம் அல்லவா? எரிபொருள் மளமளவென்று கரைகிறது. மருமகள் தண்ணீருக்கு இடம்விட உணவுக் களஞ்சியத்தைக் காலி செய்ததும், அவளுடைய தம்பி, "மாமா, அப்ப நாங்கள் என்னத்தைச் சாப்பிடுறது?" என்று கேட்டான்.

மனத்தை வாசிக்கும் இனம் சலிப்பூட்டுகிறது; மணத்தால் பேசும் எறும்பினம் பரவாயில்லை. அட்டைகள்தான் தரமில்லை: கடற்காற்றில் இரண்டே வாரத்தில் ஓரங்கள் சுருண்டுவிட்டன, மாற்றித் தரக் கடைக்காரர் மறுத்துவிட்டார்.