400 உறைகளுக்கு விலாசம் அச்சிட: வேர்டா, லிப்ரே ஒபிஸா, லாடெக்கா?

வைகாசி பிறக்க முதலே எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் அழைப்பிதழ் வேலை தொடங்கிவிடும். கதவு திறத்தல் முதல் திருக்குளிர்த்தி வரை சடங்கை நாள்வாரியாகப் போட்டு அடித்த அழைப்பிதழை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும் உள்ள குடும்பங்களுக்கும், கொழும்பில் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அனுப்ப வேண்டும். ஏறத்தாழ 400 உறைகள். முன்பு கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஐயா வீட்டு விறாந்தையில் நாலைந்து பேர் கூடியிருந்து கையால் எழுதுவோம். நூறு தாண்டியதும் கை சோர்ந்து, பெயர்கள் பிழைக்கத் தொடங்கும். சடங்குக்கு அழைக்கும் உறையில் பெயர் பிழைத்தால் வாங்குபவருக்கு மனம் நோகும். அதனால்தான் கணினிக்கு மாறினோம். வேர்ட், லிப்ரே ஒபிஸ், கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லாடெக் என்று மூன்று வழியிலும் செய்து பார்த்துவிட்டேன்.

மென்பொருளுக்கு முன் பட்டியலைச் சொல்ல வேண்டும். எங்கள் பழைய விலாசப் பட்டியல் பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினி, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய எழுத்துரு அது. ‘அம்மா’ என்று அடித்திருந்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை மாற்றிய உடனே பட்டியல் முழுவதும் அப்படித்தான் தெரியும். முதலில் யுனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்த்துத் திருத்தினேன். பெயர், வீட்டு இலக்கமும் வீதியும், ஊர், அஞ்சல் குறியீடு என்று தனித்தனி நிரலாகப் பிரித்தேன். மட்டக்களப்புக்கு 30000, கல்முனைக்கு 32300 என்று குறியீடு தனி நிரலில் இருந்தால் ஊர்வாரியாக அடுக்கி அச்சிடலாம். மூன்று வழியில் எதை எடுத்தாலும் இந்த வேலை இருக்கிறது.

வேர்டில் தொடங்குவது சுலபம். மெயிலிங்ஸ் பகுதியில் உறை அளவைத் தெரிவுசெய்து, எக்செல் பட்டியலை இணைத்து, நிரல்களை இடத்தில் போட்டால் சரி. டிஎல் அளவு, அதாவது 220 க்கு 110 மில்லிமீற்றர், ஏற்கெனவே அதில் இருக்கிறது. மூன்றாய் மடித்த ஏ4 தாள் அதற்குள் அளவாகப் போகும். அச்சகத்தில் அழைப்பிதழோடு தரும் உறை பெரும்பாலும் வேறு அளவில் இருக்கும். அடிமட்டத்தால் அளந்து நீங்களே எண்களைக் கொடுக்க வேண்டும். வேர்டின் பெரிய நன்மை மொழி. கொழும்பு விலாசங்களில் கடைசி வரியில் நகரின் பெயரைச் சிங்களத்திலும் போடுவோம். அதற்குரிய எழுத்துருவை வேர்ட் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

தொல்லை வருவது வேறு கணினியில் திறக்கும்போது. வீட்டில் சரியாக இருந்த கோப்பை அச்சிடும் கடையில் திறந்தோம். எங்கள் தமிழ் எழுத்துரு அங்கே இல்லை. வரிகள் நீண்டு, ஊர்ப்பெயர் அடுத்த வரிக்கு இறங்கி, சில உறைகள் இரண்டு பக்கமாகவே ஆகிவிட்டன. அன்றிலிருந்து எந்த மென்பொருளில் செய்தாலும் பிடிஎஃப் ஆக்கித்தான் கொண்டுபோகிறேன்.

லிப்ரே ஒபிஸ் ரைட்டரும் ஏறக்குறைய இதே வழிதான், பணம் கட்டத் தேவையில்லை. அதன் உறைப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது பிரிண்டர் பக்கம். உறை தட்டில் எப்படிப் போகிறது என்று ஆறு சிறு படங்கள் இருக்கும். வலப்பக்கம் எவ்வளவு, கீழே எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று எண்ணும் கொடுக்கலாம். நடுவில் போகாமல் ஓரமாகவே உறையை இழுக்கும் பழைய பிரிண்டருக்கு இது பெரிய உதவி. பட்டியலைத் தரவுமூலமாகப் பதிவு செய்யும் படிதான் புதியவரைக் குழப்பும். பக்கத்தில் இருந்து ஒருமுறை காட்டிக் கொடுத்தால் போதும்.

இனி லாடெக். டொனால்ட் நூத் 1978 இல் வெளியிட்ட டெக் என்ற எழுத்துக்கோப்பு மென்பொருளின் மேல் நிற்பது இது. உறைக்கென்றே என்வ்லாப் என்ற தொகுப்பு, அதாவது லாடெக்கோடு சேர்க்கும் துணைக் கோப்பு, உண்டு. கடிதத்துக்கென்று லாடெக்கில் உள்ள ஆவண வகையோடு சேர்த்தால், கடிதத்தில் எழுதிய விலாசத்தையே எடுத்து உறையையும் அடித்துத் தரும். ஆனால் அது அமெரிக்க அஞ்சல் முறையை மனதில் வைத்து எழுதியது. அங்கத்தைய பார்கோட் எல்லாம் நமக்குத் தேவையில்லை. நான் அதை விட்டுவிட்டு, ஜியோமெட்ரி தொகுப்பால் தாளின் அளவையே உறையின் அளவாக வைத்து, டேட்டாடூல் தொகுப்பால் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) பட்டியலை வாசித்து, ஆளுக்கு ஒரு பக்கம் அடிக்கிறேன். எல்லாம் சேர்த்து நாற்பது வரிகூட வராது.

தமிழுக்கு, யுனிகோடை வாசிக்கும் லாடெக் வகையான சீலாடெக் வேண்டும். எழுத்துருவைத் தெரிவுசெய்யும் ஃபொன்ட்ஸ்பெக் தொகுப்பில் எழுத்துருவோடு ‘ஸ்கிரிப்ட் தமிழ்’ என்று குறிப்பிட மறந்தால் கொம்பு இடம் மாறி நிற்கக்கூடும். சிங்களத்துக்குத் தனி எழுத்துருவை நீங்களே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடத்தில் பெட்டியோ வெற்றிடமோ வரும். அதை லாடெக் பிழை என்று நிறுத்திச் சொல்லாது, பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். இன்னொரு கவனம்: இரண்டு பெயருக்கு நடுவே ‘&’ குறி இருந்தால் லாடெக் அதைக் கட்டளை என்று எடுத்துக் குழம்பும். பட்டியலில் அந்தக் குறியை ‘மற்றும்’ என்று மாற்றிவிட்டேன். வீதிப் பெயர் இல்லாத கிராமத்து விலாசங்களில் நடுவரி வெறுமையாக விழும். நிரல் காலியா என்று பார்த்து வரியைத் தவிர்க்க ஒரு நிபந்தனை எழுத வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டும் நான் லாடெக்கையே வைத்திருக்கிறேன். போன வருடம் எழுதிய கோப்பு இந்த வருடமும் ஒரு மில்லிமீற்றர் பிசகாமல் அதே இடத்தில் அடிக்கிறது. பட்டியலில் இறந்தவர் பெயரை எடுத்து, புதிதாக வந்த குடும்பத்தைச் சேர்த்தால் வேலை முடிந்தது. வீட்டில் கல்யாணம், 60 உறை, ஒரே தடவை என்றால் லிப்ரே ஒபிஸ்தான். லாடெக் படிக்கும் நேரத்தில் அதை அடித்து முடித்துவிடலாம். கோயிலுக்கும் அதன் மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறேன். நான் ஊரில் இல்லாத வருடம் பொடியங்கள் தடுமாறக் கூடாது.

ஒட்டும் லேபிள் தாளும் உண்டு, ஒரு ஏ4 இல் 21 அல்லது 24. வேகமானதுதான். ஆனால் சடங்கு அழைப்பிதழில் லேபிள் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

பிரிண்டர் விஷயத்தில் எங்கள் மழையை நினைக்க வேண்டும். மார்கழியில் அனுப்பும் உறை என்றால் இங்க்ஜெட் எழுத்து ஒரு துளி பட்டாலே கரையலாம், லேசர் கரையாது. லேசரின் சூட்டில் உறையின் பசை மடிப்பு ஒட்டிக்கொள்ளக்கூடும், அதனால் பத்துப் பத்தாகத்தான் வைக்கிறேன். பிளாஸ்டிக் ஜன்னல் உறையை லேசரில் விடவே வேண்டாம். கடையில் கொடுத்தால் ‘தாளுக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு உண்மை அளவில் அடிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை சொல்ல மறந்து 30 உறை வீணாகிவிட்டது. இப்போது முதலில் வெறும் தாளில் அடித்து, உறையோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். மடிப்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிரிண்டர் மூடியில் பென்சிலால் ஒரு அம்புக்குறியும் கீறி வைத்திருக்கிறேன்.